யார் சொல்றதைக் கேக்கணும், மிஸ்?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில், மாலை வேளையில் 16 பெண் பிள்ளைகளுக்குச் சாப்ட்பால் சொல்லித் தருகிறேன். எல்லாருக்கும் 12 முதல் 14 வயது. நான் பல்கலைக்கழக அணியில் ஆடியவள். என்னோடு இன்னொரு கோச்சும் இருக்கிறார். வயதில் மூத்தவர், கிரிக்கெட்டிலிருந்து வந்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பிட்சிங், அதாவது பந்து வீச்சு, முடிக்கும்போது முழங்கை முகத்துக்கு நேராக மேலே வரவேண்டும் என்கிறார். பேட்டிங்கில், பின்னங்காலால் பூச்சியை நசுக்குகிற மாதிரி திருகச் சொல்கிறார், மட்டையை மேலிருந்து கீழே வெட்டச் சொல்கிறார். தினமும் அரை மணி நேரம் பந்தைக் கையால் உருட்டிவிட்டு எடுக்கச் சொல்வதிலேயே போய்விடுகிறது. இதெல்லாம் பழைய பாணி என்று வெளிநாட்டு வீடியோக்களைக் காட்டினேன். "முப்பது வருஷமா படம் பார்த்தா சொல்லிக் கொடுத்தேன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். போன வாரம் பிள்ளைகள் முன்னாலேயே வார்த்தை தடித்துவிட்டது. அப்புறம் எங்கள் பிட்சர் வந்து, "யார் சொல்றதைக் கேக்கணும், மிஸ்?" என்று கேட்டாள். பாதிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தனியாக ஓர் அணி தொடங்கிவிடலாமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தில் முழங்கை, பின்னங்கால், மட்டை என்று நிறைய எழுதியிருக்கிறீர்கள். நான் இரண்டு மூன்று தடவை படித்தது அந்தப் பிள்ளை கேட்ட வரியை. அவள் கேட்டுவிட்டாள், அந்த வகையில் உங்களுக்கு அதிர்ஷ்டம். என்னிடம் ஒரு பிள்ளை கேட்காமலே போய்விட்டாள்.

குன்னூரில் நான் பி.டி. மிஸ்ஸாக இருந்த காலம். கூட இருந்த சாருக்கும் எனக்கும் ஒத்துப் போகாது. இடக்கைப் பிட்சர் ஒருத்தி இருந்தாள். நீளக் கை, நல்ல வேகம். காலடியை நீட்டி வை என்பேன் நான், சுருக்கி வை என்பார் அவர். கொஞ்ச நாளில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் என் முகத்தைப் பார்ப்பாள், அப்புறம் அவர் முகத்தைப் பார்ப்பாள், அப்புறம்தான் வீசுவாள். பந்தை வாங்க எதிரே உட்கார்ந்திருக்கிற கேட்சரைப் பார்க்க அவளுக்கு நேரமே இருக்காது. பந்து கேட்சர் தலைக்கு மேலே போய்ச் சுவரில் மோதும். ஒரு திங்கட்கிழமை வரவில்லை. வராந்தாவில் பிடித்துக் கேட்டேன். "கபடில சேர்ந்துட்டேன் மிஸ். அங்க ஒரே சார்தான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னாள். இத்தனை வருஷம் கழித்தும் அது என் காதில் இருக்கிறது. அந்தக் காலடி விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். அதனால் யாருக்கு என்ன லாபம்?

சரி, உங்கள் சண்டைக்கு வருவோம். முதலில் பிட்சிங். அதில் நீங்கள் சொல்வதுதான் சரி.

கை ஒரு முழு வட்டம் சுற்றிக் கீழே இறங்குகிறது. மேல்கை விலாவோடு ஒட்டி வந்து வேகம் குறைகிற நேரத்தில், முன்கை சாட்டை நுனி மாதிரி முந்திக்கொண்டு உள்பக்கமாகத் திரும்புகிறது. பந்து தொடை ஓரத்திலேயே விரலை விட்டுக் கிளம்பிவிடுகிறது. ஆட்ட விதியும் கை இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், மணிக்கட்டு முழங்கையைத் தாண்டி வெளியே போகக் கூடாது என்றுதான் வைத்திருக்கிறார்கள். முழங்கை முகத்துக்கு நேராக வரும்போது கையில் பந்தே இல்லை. தினைப்புனத்தில் கிளி விரட்டிய பெண்கள் கவண் வீசியதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், அதுவும் நம் குறிஞ்சி நிலத்துச் சங்கதிதான். கல் போன பிறகு கயிறு எந்தப் பக்கம் போனால் கிளிக்கென்ன?

பந்து போன பிறகு நடப்பதுதானே, சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விடவும் முடியாது. முடிவில் முழங்கையைத் தூக்க வேண்டும் என்று மனசில் வைத்திருக்கிற பிள்ளை, அதற்காக முன்கூட்டியே தயாராகிறாள். கை கீழே இறங்கும்போதே உள்ளங்கையைப் பின்பக்கமாக, தன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற இரண்டாம் பேஸை (ஓடுகிறவள் தொட வேண்டிய இடங்களில் ஒன்று) பார்க்கத் திருப்பிவிடுகிறாள். அங்கிருந்து பந்தைத் தள்ளத்தான் முடியும், சுண்ட முடியாது. தோள் காதை நோக்கி ஏறும், பந்து மேலே போகும். இதை நான் எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். ஒப்புக்கொள்கிறேன், சிலரிடம் நானே உண்டாக்கியும் இருக்கிறேன். எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஆனால் அண்ணன் அதை ஏன் சொல்ல ஆரம்பித்தார் என்று அவரிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. என் ஊகத்தைச் சொல்கிறேன். புதுப் பிள்ளைகள் பந்தை விட்டதும் பிரேக் போட்ட மாதிரி கையை நிறுத்திக்கொள்வார்கள். தப்பான இடத்துக்குப் போய்விடுமோ என்ற பயம். அப்படி ஒருத்தியிடம் "முழங்கையை மேலே கொண்டு வா" என்றால் கை தாராளமாக வரும், பந்தும் நேராகப் போகும். அன்றைக்கு அது வேலை செய்திருக்கும். வேலை செய்ததை அடுத்த பிள்ளைக்கும் சொன்னார், அதற்கடுத்தவளுக்கும் சொன்னார். பத்து வருஷத்தில் அது அடிப்படை ஆகிவிட்டது. காய்ச்சல்காரனுக்குக் கொடுத்த மாத்திரையை வரிசையில் நின்ற எல்லாருக்கும் கொடுத்த கதை.

கோச்சுகளுக்குள் நடக்கிற சண்டையில் முக்கால்வாசி இந்த ரகம்தான். உடம்பு நிஜமாக என்ன செய்கிறது என்பது ஒன்று. பிள்ளையை அதைச் செய்ய வைக்க நாம் சொல்கிற வார்த்தை இன்னொன்று. நீங்கள் முதலாவதைப் பற்றிப் பேசுகிறீர்கள், அவர் இரண்டாவதைப் பற்றிப் பேசுகிறார். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக் கத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

பேட்டிங்கும் அப்படித்தான். பூச்சி நசுக்குவது எனக்கும் பிடிக்காது. உடம்பின் பாரம் பின்னங்காலிலேயே தங்கிவிடும். இடுப்பு சரியாகத் திரும்பினால் குதிகால் தானாகவே எழும்பும், அதைத் தனியாகத் திருகத் தேவையில்லை. மட்டையைக் கீழே வெட்டச் சொல்வதற்கு மட்டும் அவரிடம் ஒரு காரணம் இருக்கலாம். நம் மலையில் காற்று மெல்லிசு, தூக்கி அடித்த பந்து சமவெளியைவிடச் சற்றுக் கூடுதலாகப் பறக்கும். இங்கே பீல்டர் தலையைத் தாண்டுகிற அடி, மேட்டுப்பாளையத்துக்குக் கீழே போய் ஆடினால் அவள் கையிலேயே விழும். பின்தோளைத் தாழ்த்தி வானத்தைப் பார்த்து அடிக்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், வரிசையாக கேட்ச் கொடுத்துத் தோற்றுத் திரும்பிய அனுபவம் அவருக்கு இருக்கும். எனக்கு இருக்கிறது. பின்தோள் தாழ்கிற பிள்ளைக்கு மட்டும் "வெட்டு" என்று சொல்லட்டும். மற்றவர்கள் மட்டையைப் பந்து வருகிற பாதையில் கொண்டு வந்தால் போதும்.

இனி அந்த உருட்டல் அரை மணி நேரம். இங்கே நான் அண்ணன் கட்சி.

நீங்கள் அதைக் கேலியாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதில் ஓர் ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். எதிரணிக்கு ரன் எப்படி வந்தது? பிட்சர் நாலு தடவை தப்பாக வீசியதால் நடந்தே முதல் பேஸுக்குப் போனது, கால் இடுக்கில் விட்டது, முதல் பேஸுக்கு எறிந்தது தலைக்கு மேலே போனது. அழகாக அடித்து எடுத்த ரன்னை விரல் விட்டு எண்ணிவிடலாம். பேஸுக்கும் பேஸுக்கும் 60 அடி, 18 மீட்டர் சொச்சம். தரையில் வருகிற பந்தை ஒரு தடவை தடுமாறி எடுத்தால் ஓடுகிறவள் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

அதிலும் நம் பிள்ளைகள் படுகர் ஹட்டியிலும் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலும் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள். வெறுங்கையால் பந்தைத் தடுக்கப் பழகியவர்கள். கிளவுஸ் மாட்டியதும் அதைத் தட்டு மாதிரி முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நம் மைதானத்தில் புல் திட்டும் கல்லும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கிளவுஸ் தரையைத் தொட்டபடி இருந்து, பந்து எழும்பினால் கூடவே எழும்ப வேண்டும். மேலே இருந்து கீழே குத்தப் போனால் பந்து அடியில் புகுந்து சரிவில் உருண்டு தேயிலைக்குள் போகும். அங்கே காட்டெருமை நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எடுத்து வருவதற்குள் பனிமூட்டம் இறங்கிவிடும். அன்றைய பயிற்சி அதோடு சரி.

கையால் உருட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. மட்டையால் அடித்துக் கொடுத்தால் பந்து எங்கே வரும் என்று கொடுக்கிறவருக்கே தெரியாது. கையால் உருட்டினால் அந்தப் பிள்ளையின் இடப்பக்கம் ஓரடி தள்ளி, அவளால் எட்ட முடிகிற வேகத்தில், இருபது தடவை அதே மாதிரி கொடுக்கலாம். ஒரு நாள் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கவனியுங்கள். முதல் பத்துப் பந்தை நேராக உருட்டுவார், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவார், பிள்ளைக்கே தெரியாது. அப்படிச் செய்கிறவராக இருந்தால் அவரிடமிருந்து நீங்கள் கற்றுக்கொள்ள இருக்கிறது. ஒரே இடத்துக்கு ஒரே மாதிரி உருட்டிக்கொண்டு போனில் பேசுகிறவர் என்றால் உங்கள் எரிச்சல் நியாயம்தான். எப்படியானாலும் அரை மணியில் பத்து நிமிஷத்தைக் குறைத்து, எடுத்த பந்தை முதல் பேஸுக்கு எறிவதோடு சேர்க்கச் சொல்லுங்கள். எடுப்பது தனி, எறிவது தனி என்று பழகினால் ஆட்டத்தில் இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடி நிற்பார்கள்.

நீங்கள் இரண்டு பேருமே பேசாத ஒன்று இருக்கிறது. பந்து.

பெரியவர்கள் ஆடுகிற பந்தின் சுற்றளவு 12 அங்குலம், 30 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. எடை கிரிக்கெட் பந்தைவிட அதிகம். 12 வயதில் ஒல்லியாக இருக்கிற பிள்ளையின் கையில் அது தேங்காய் மாதிரி உட்காரும். விரல் நுனியில் நிற்காது, உள்ளங்கைக்குள் போய்விடும். உள்ளங்கையிலிருந்து எறிகிறவள் முழங்கையைத் தாழ்த்தித் தள்ளத்தான் செய்வாள். நீங்கள் ஒரு குறை சொல்லித் திருத்துவீர்கள், அவர் வேறொரு குறை சொல்லித் திருத்துவார், இரண்டும் தேறாது. 11 அங்குலப் பந்து இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கென்றே செய்வது. சின்னக் கைகளுக்கு அதைக் கொடுங்கள், போட்டிக்கு முன்னால் பெரிய பந்துக்கு மாற்றிக்கொள்ளலாம். கிடைக்கவில்லை என்றால் எறியும் பயிற்சிக்கு மட்டும் டென்னிஸ் பந்து போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய பந்துகளைத் தனியாக எடுத்து வையுங்கள், அவை இன்னும் கனமாக இருக்கும். பிட்சர் வீசுகிற தூரமும் அப்படியே. பெண்களுக்குச் சர்வதேச அளவு 43 அடி. உங்கள் பிட்சர் முதலில் 35 அடியிலிருந்து தொடங்கட்டும். பத்துக்கு ஆறு கேட்சரின் கிளவுஸுக்குப் போக ஆரம்பித்ததும் இரண்டு இரண்டு அடியாகப் பின்னால் நகர்த்துங்கள்.

இப்போது அண்ணனிடம் எப்படிப் பேசுவது.

வெளிநாட்டு வீடியோவை மறுபடியும் காட்டாதீர்கள். நமக்குப் பழக்கமில்லாத மைதானத்தில் யாரோ ஒரு பெண் வீசுவதைக் காட்டி, பாதி வயதுள்ள நீங்கள் "பாருங்க, தப்பு" என்றால் எந்த மனுஷனுக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். அவருக்குப் பிடித்த பிட்சரை, அவர் கற்றுக்கொடுத்த பிள்ளையை, நம் மைதானத்திலேயே ஸ்லோ மோஷனில் எடுங்கள். போனை அவர் கையில் கொடுங்கள். "அண்ணே, பந்து கையை விட்டுப் போற இடத்துல நிறுத்திக் காட்டுங்க" என்று மட்டும் கேளுங்கள். அவரே விரலால் தள்ளித் தள்ளி நிறுத்துவார். முழங்கை அப்போது எங்கே இருக்கிறது என்று நீங்கள் சொல்ல வேண்டிய அவசியம் வராது. அதற்கு அப்புறம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

இதைப் பயிற்சி முடிந்து, பிள்ளைகள் பஸ் ஏறிய பிறகு, பேக்கரியில் டீயும் வர்க்கியும் வைத்துக்கொண்டு செய்யுங்கள். முதலில் அந்த உருட்டலைப் பற்றிக் கேளுங்கள். நடிப்புக்காக இல்லை, உங்களுக்கு நிஜமாகவே அது தெரிய வேண்டும். போன வாரம் பிள்ளைகள் முன்னால் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டுவிடுங்கள். யார் ஆரம்பித்தது என்ற விசாரணை வேண்டாம்.

அப்புறம் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்குப் பிட்சர், கேட்சர் உங்கள் பொறுப்பு. தரைப் பந்தும் பேஸ் ஓட்டமும் அவர் பொறுப்பு. அவர் பகுதியில் நீங்கள் வாய் திறக்கக் கூடாது, உங்கள் பகுதியில் அவரும் திறக்கக் கூடாது. சொல்ல ஏதாவது தோன்றினால் பேக்கரியில். பேட்டிங்கில் ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் அவர் என்று மாற்றிக்கொள்ளாதீர்கள், அது என் பழைய தப்பு. எட்டு எட்டுப் பிள்ளையாகப் பிரித்து, அவளவளுக்கு ஒரே குரல் என்று வைத்துவிடுங்கள். ஒரு 40 பக்க நோட்டு போடுங்கள். வாரம் ஒரு நாள், ஒவ்வொரு பிட்சரும் 20 பந்தில் எத்தனை ஸ்டிரைக் (சரியான இடத்தில் போன பந்து), ஒவ்வொரு பிள்ளையும் 10 தரைப் பந்தில் எத்தனையைச் சுத்தமாக எடுத்து முதல் பேஸுக்குக் கொடுத்தாள் என்று எழுதுங்கள். பிள்ளையின் போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிடத்தான் அந்த நோட்டு. உங்கள் எட்டு பேர், அவர் எட்டு பேர் என்று கூட்டிப் பார்த்தீர்களோ, கெட்டது.

ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். எந்தப் பிள்ளையாவது தோளோ முழங்கையோ வலிக்கிறது என்றால் அன்றைக்கு அவள் வீசக் கூடாது. "பழகினா சரியாயிடும்" என்று அவர் சொன்னாலும் கூடாது, நாளைக்கே போட்டி என்றாலும் கூடாது. வலி தொடர்ந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதை மட்டும் அங்கேயே, அப்போதே, பிள்ளைகள் முன்னால் என்றாலும் சொல்லலாம். குளிர் நாளில் கை சூடாகாமல் முழு வேகத்தில் வீச விடுவதும் இதில் சேர்த்திதான். நம் ஊர் மார்கழியில் சும்மா இரண்டு சுற்று ஓடவிட்டால் காணாது.

தனி அணி பற்றிக் கேட்டிருந்தீர்கள். 16 பிள்ளைகளைப் பாதியாகப் பிரித்தால் எட்டு. ஆட்டத்துக்கு ஒன்பது பேர் வேண்டும்.

உங்கள் பிட்சருக்கு என்ன பதில் சொல்வது? "உனக்குப் பிட்சிங் இனிமே நான், தரைப் பந்து சார். அவர்கிட்டேயும் பேசிட்டேன்" என்று சொல்லுங்கள். பேசிவிட்டுச் சொல்லுங்கள், பேசாமல் சொல்லாதீர்கள். அவரும் பக்கத்தில் நின்று தலையாட்டினால் இன்னும் நல்லது.

வீடியோ எடுக்கும்போது கேட்சர் பக்கமிருந்து எடுக்காதீர்கள், பந்து விடுகிற இடம் சரியாகத் தெரியாது. அவள் வலக்கைக்காரி என்றால் மூன்றாம் பேஸ் பக்கம், இடுப்பு உயரத்தில் போனைப் பிடித்து எடுங்கள். மாலை நாலு மணிக்குள் எடுத்துவிடுங்கள், அதற்கு மேல் மூட்டம் வந்தால் விரலும் தெரியாது, பந்தும் தெரியாது.